முறையீடே முதல் சான்று
தொடக்கநிலை மறதி குறித்து மூளைப் படங்கள் சொல்வதும் தறிமேடை சொல்வதும்

மறதி நோயைக் கண்டறிய மருத்துவத்திடம் இருக்கும் வழிகளில் மிக மலிவானது, ஒருவர் தன் வாயால் சொல்லும் "முன்ன மாதிரி ஞாபகம் நிக்கல" என்ற பேச்சு. மிக விலை கூடியவற்றுள் ஒன்று, மூளையில் படிந்திருக்கும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேன். கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவருகிறார்கள். சோதனை வைத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தன் நினைவு சரிந்துவருவதாக ஒருவருக்கே தோன்றுகிறது. அவர் மூளைக்குள் என்ன நடக்கிறது? அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

பாரிஸ், பார்சிலோனா, பாஸ்டன் போன்ற நகரங்களில், நெடுநாள் படித்தவர்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. திருவண்ணாமலை மாவட்டம் தேவிகாபுரத்தில் நின்று கேட்டால் இவற்றின் வடிவமே மாறிவிடுகிறது. பெரியநாயகி அம்மன் கோயிலும் கனககிரி மலையும் இவ்வூரின் அடையாளங்கள் என்றால், ஊரின் பிழைப்பு ஆரணி வட்டாரத்துக்கே உரிய பட்டுத்தறி. சிறுவயதிலேயே தறிக்குழியில் இறங்கி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, அறுபது வயதுக்கு மேலும் நாடா எறிகிற ஒருவரின் நினைவை எந்த அளவுகோலால் அளப்பது? ஸ்கேன் கருவிகளின் முன்னேற்றம் மட்டும் இதற்கு விடை தராது. ஆனால் அந்த முன்னேற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் விடையை நெருங்கவும் முடியாது.

நோய்க்கு முந்திய நிலை

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரின் மூளையைப் பற்றிப் பேசியபோது, நோயாளி ஏற்கெனவே இறந்திருந்தார். அதன்பிறகு நூறாண்டு மருத்துவம் நோயின் தொடக்கத்தை நோக்கிப் பின்னால் நடந்துவந்த பயணம் எனலாம். முதலில் டிமென்ஷியா எனப்படும் முற்றிய மறதி நோய் தெரிந்தது. பிறகு, அன்றாட வாழ்க்கை நடக்கும், சோதனையில் மட்டும் குறை தெரியும் இடைநிலை தெரிந்தது. 1982இல் பாரி ரைஸ்பர்க் வகுத்த ஏழு படிகள் கொண்ட அளவுகோல் அதற்கும் முந்திய ஒரு படியைக் குறித்தது: குறை வெளியே தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும். 2014இல் ஃபிராங்க் யெஸ்ஸன் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி இந்நிலைக்குப் பொது இலக்கணம் வகுத்தார்கள். முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டுத் தன் அறிதிறன் தொடர்ந்து குறைகிறது என்று ஒருவர் உணர வேண்டும். வயது, பாலினம், கல்விக்கு ஏற்பத் திருத்திய சோதனைகளில் அவர் இயல்பான மதிப்பெண் எடுக்க வேண்டும். மனநோயோ வேறு நரம்பு நோயோ மருந்தோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இதைத் தானுணர் சரிவு என்று அழைக்கலாம்.

இந்த இலக்கணம் மிகப் பரந்த வலை. பதினாறு ஆய்வுத் தொகுப்புகளைச் சேர்த்து 2020இல் வெளியான ஒரு கணக்கு, அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இப்படிச் சொல்வதாகக் கண்டது. அத்தனை பேருக்கும் டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் வரப்போவதில்லை. 2014இல் அலெக்ஸ் மிட்செல் குழு தொகுத்த ஆய்வுகளின்படி, இப்படி முறையிடுபவர்களில் ஆண்டுக்கு 2.3 சதவீதம் பேர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள். முறையிடாதவர்களில் இது 1 சதவீதம். அபாயம் இரட்டிப்புதான், ஆனாலும் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள்.

அதனால் யெஸ்ஸன் குழு, அபாயத்தைக் கூட்டும் சில குறிகளையும் சேர்த்துச் சொன்னது. மற்றத் திறன்களைவிட நினைவே குறைவதாகத் தோன்றுவது, கடந்த ஐந்தாண்டுக்குள் தொடங்கியிருப்பது, அறுபதுக்குப் பிறகு தொடங்கியிருப்பது, அதைப் பற்றிக் கவலை இருப்பது, தன் வயதொத்தவர்களைவிடத் தான் பின்தங்குவதாக நினைப்பது, நெருங்கியவர் ஒருவரும் அதை ஆமோதிப்பது ஆகியவை அவை. இக்குறிகளில் எதற்கும் ஸ்கேன் தேவையில்லை. பொறுமையாகக் கேட்டாலே கிடைத்துவிடும்.

அமிலாய்டு எனும் படிவு

நரம்பணுவின் சவ்வில் இருக்கும் ஒரு பெரிய புரதத்தை நொதிகள் வெட்டும்போது அமிலாய்டு பீட்டா என்ற துண்டு உருவாகிறது. எல்லார் மூளையிலும் அது தினமும் உண்டாகிறது, தினமும் கழுவிவிடப்படுகிறது. கழுவல் குறைந்தாலோ உற்பத்தி கூடினாலோ துண்டுகள் ஒட்டிக்கொண்டு படிவங்களாகின்றன. 1984இல் ஜார்ஜ் க்ளென்னரும் கெய்ன் வோங்கும் இந்தத் துண்டைப் பிரித்தெடுத்தார்கள். எட்டாண்டு கழித்து ஜான் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும், நோயின் சங்கிலி இங்கேதான் தொடங்குகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். அதுவரை இறந்தவர் மூளையில் மட்டுமே பார்க்க முடிந்த படிவத்தை, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் க்ளங்கும் செஸ்டர் மேத்திஸும் உருவாக்கிய ஒரு கதிர்வீச்சுச் சாயம் உயிரோடு இருப்பவரிடம் காட்டியது. மனிதரில் அதன் முதல் முடிவுகள் 2004இல் வெளிவந்தன.

அதன்பின் வந்த படங்கள் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னன: படிவு தொடங்கி டிமென்ஷியா தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம். எழுபத்தைந்து வயதில் வழி தடுமாறுபவருக்கு, ஐம்பதை ஒட்டியே அமிலாய்டு சேரத் தொடங்கியிருக்கலாம். தானுணர் சரிவு இந்த நீண்ட மௌனத்தின் கடைசிப் பகுதியாக இருக்கக்கூடும் என்பதுதான் இத்துறையின் ஆர்வத்துக்குக் காரணம்.

ஆனால் 2015இல் வில்லெமைன் யான்சன் குழு வெளியிட்ட பெருந்தொகுப்பு அந்த ஆர்வத்துக்கு ஒரு கடிவாளம் போட்டது. ஐம்பது வயதிலிருந்து தொண்ணூறு வரை, நினைவுக் குறை எதுவும் சொல்லாதவர்களில் அமிலாய்டு உள்ளவர் விகிதம் 10இலிருந்து 44 சதவீதமாக உயர்கிறது. தானுணர் சரிவு உள்ளவர்களில் 12இலிருந்து 43 ஆக உயர்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. சோதனையிலேயே குறை தெரியும் இடைநிலைக்காரர்களில்தான் 27இலிருந்து 71 என்று விகிதம் எகிறுகிறது. "மறக்கிறது" என்று சொல்வது மட்டும் அமிலாய்டு இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இணைப்புகள் முதலில் பேசுகின்றன

அமிலாய்டு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எங்கே முதலில் சேர்கிறது என்பது அதிகம் சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள மூளையின் இணைப்புகளைப் பார்க்கும் கலை வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1995இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்த பாரத் பிஸ்வால், எந்த வேலையும் செய்யாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் சும்மா படுத்திருந்தவர்களின் படங்களை ஆராய்ந்தார். கை அசைவைக் கட்டுப்படுத்தும் இடப்பக்கப் பகுதியும் வலப்பக்கப் பகுதியும், கை அசையாதபோதும் ஒரே தாளத்தில் மெதுவாக ஏறி இறங்கின. மற்றவர்கள் இரைச்சல் என்று வடிகட்டி எறிந்ததை அவர் இணைப்பின் தடயமாகக் கண்டார். இந்தியாவில் பிறந்த ஒரு மாணவரின் அந்தக் கவனிப்பிலிருந்துதான் ஓய்வுநிலை மூளை ஆய்வு என்ற துறையே கிளைத்தது.

2001இல் மார்கஸ் ரெய்க்கில், வெளிவேலையில் ஈடுபடாமல் நினைவுகளில் உலவும்போது ஒன்றுசேர்ந்து இயங்கும் சில பகுதிகளைத் தொகுத்துக் காட்டினார். மூளையின் நடுவில் பின்புறம் உள்ள பிரிகூனியஸ், பின் சிங்குலேட், நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பழைய நாட்களை நினைப்பதும் நாளையைத் திட்டமிடுவதும் தன்னைப் பற்றி யோசிப்பதும் இந்த வலைப்பின்னலைச் சார்ந்தவை. இப்பகுதிகள் ஆரணி பேருந்து நிலையம் மாதிரி. போளூர், சேத்துப்பட்டு, வந்தவாசி, செய்யாறு, வேலூர் என்று எங்கு போகிற தடமும் அங்கே வந்து திரும்புவதால் ஒரு நொடிகூட அங்கே ஓய்வில்லை. மூளையிலும் அதிக இணைப்புள்ள சந்திகளே அதிக ஆற்றலைச் செலவிடுகின்றன, இடைவிடாமல் இயங்குகின்றன. 2009இல் ராண்டி பக்னர் குழு, அமிலாய்டு திரளும் வரைபடமும் இந்தச் சந்திகளின் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதைக் காட்டியது. எலிகளில் செய்த சோதனைகளில், நரம்பணு அதிகம் இயங்கும் இடத்தில் அமிலாய்டு அதிகம் சுரப்பது தெரிந்திருந்தது. உழைப்பே படிவுக்கு இடம் தேடித் தருகிறது போலும்.

2017இல் ஸ்வீடனின் செபாஸ்டியன் பால்ம்க்விஸ்ட் குழு இன்னும் முன்னால் போனது. தண்டுவடத் திரவத்தில் அமிலாய்டு மாற்றம் தொடங்கி, பெட் ஸ்கேன் இன்னும் இயல்பாகவே இருந்தவர்களை அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். படிவு முதலில் தலைகாட்டியது பிரிகூனியஸ், பின் சிங்குலேட், நெற்றியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில். அதே வேளையில், மூளைத் திசு சுருங்குவதற்கு வெகு முன்பே, இப்பகுதிகளின் இணைப்பு மாறத் தொடங்கியிருந்தது.

அந்த மாற்றம் நேர்கோடு அல்ல. சில ஆய்வுகள் தொடக்கத்தில் இணைப்பு வலுக்கிறது என்கின்றன, வேறு சில பலவீனமாகிறது என்கின்றன. 2017இல் ஆரன் ஷுல்ட்ஸ் குழு இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது. அமிலாய்டு மட்டும் உயர்ந்து டாவ் என்ற இரண்டாவது புரதம் குறைவாக இருப்பவர்களில் இணைப்பு கூடுதலாகத் தெரிந்தது. டாவும் உயர்ந்தவர்களில் இணைப்பு தளர்ந்தது. அந்த ஆரம்பகால மிகை இணைப்பு, குறையை ஈடுகட்ட மூளை செய்யும் கூடுதல் உழைப்பா, அமிலாய்டால் தூண்டப்பட்ட நரம்பணுக்களின் கட்டுக்கடங்காத கொந்தளிப்பா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், சோதனையில் நல்ல மதிப்பெண் எடுக்கிற ஒருவர் அதற்காக முன்பைவிட அதிகம் பாடுபட வேண்டியிருக்கலாம். தேர்வாளருக்குத் தெரிவது விடை மட்டுமே, விடைக்காகப் பட்ட பாட்டை அறிபவர் அவர் ஒருவர்தான். தானுணர் சரிவின் அறிவியல் அடிப்படை இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு புறம், பாரிஸின் பித்தியே-சல்பெத்ரியேர் மருத்துவமனையில் புருனோ துபுவா குழு நடத்திய ஆய்வு நிதானத்தைக் கற்றுத்தருகிறது. நினைவுக் குறையைத் தாமே முறையிட்ட, 70 முதல் 85 வயதுள்ள 318 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 88 பேருக்கு, அதாவது 28 சதவீதத்தினருக்கு, அமிலாய்டு இருந்தது. முப்பது மாதம் கழித்துப் பார்த்தபோது அல்சைமரின் தொடக்க அறிகுறிகளுக்கு நகர்ந்தவர்கள் நாலு பேர் மட்டுமே. படிவு இருந்தும் பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். படம் ஒரு சாத்தியத்தைச் சொல்கிறது, விதியைச் சொல்வதில்லை.

கணியம்பாடி கற்றுத்தந்தது

வேலூரிலிருந்து தெற்கே வரும் சாலையில் உள்ள கணியம்பாடி வட்டாரம் டிமென்ஷியா ஆய்வில் உலகறிந்த பெயர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக மக்கள் நலப் பணி செய்யும் இடம் அது. ஏழை நாடுகளின் டிமென்ஷியாவை ஆராய்ந்த 10/66 குழு, வேலூரின் கிராமப்புறத்தைத் தன் இந்தியக் களங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. சென்னை இன்னொரு களம். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வாழும் வளரும் நாடுகளுக்கு, அதைப் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட ஒதுக்கப்படவில்லை என்ற குறையே அக்குழுவின் பெயரானது.

2008இல் வெளியான அவர்களின் முடிவு திகைக்க வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலின்படி, முதியோரில் டிமென்ஷியா கியூபாவில் 6.3 சதவீதம், இந்தியக் கிராமப்புறத்தில் 0.3 சதவீதம். கல்வி வேறுபாட்டுக்கு ஈடுகொடுத்து அக்குழுவே உருவாக்கிய முறையில் அளந்தபோது, எல்லா நாடுகளும் சுமார் 6 முதல் 12 சதவீதத்துக்குள் வந்தன. நம் கிராமத்து முதியவர்களின் மூளை அதிசயமாகக் காக்கப்பட்டிருக்கவில்லை. அமெரிக்க அளவுகோல், அன்றாட வாழ்வில் குறை ஏற்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தது. வீட்டாரோ பெரியவரிடம் வேலை எதையும் எதிர்பார்க்கவில்லை. மருமகள் சமைக்கிறாள், மகன் கணக்கு பார்க்கிறான், பெரியவருக்கு வேளாவேளைக்குச் சோறு வருகிறது. "வயசாயிடுச்சு, மறக்கத்தான் செய்யும்" என்ற ஒரு வரியில் நோய் மறைந்துபோகிறது. கூட்டுக் குடும்பத்தின் பரிவே நோயின் முதல் திரையாகிவிடுகிறது.

மாறாக, இந்தியா முழுவதும் நடந்த லாசி-டாட் ஆய்வு உள்ளூருக்கு ஏற்ற சோதனைகளைக் கையாண்டு, அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அது கூடுதல். படிப்பு மறுக்கப்பட்ட வரலாற்றின் தடம் இந்தக் கணக்கிலும் தெரிகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களைச் சோதிப்பது தனிச் சிக்கல். 1990களில் அரியானாவின் பல்லப்கரில் வேலை செய்த மேரி கங்குலி குழு, உலகெங்கும் பயன்பட்ட ஒரு நினைவுச் சோதனையை இந்திக் கிராமத்துக்காகப் பிரித்துக் கோத்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்துக் கிராமங்களில் நாற்பத்தைந்து வயதிலிருந்தே பத்தாயிரம் பேரைப் பின்தொடரும் நோக்கில் நடத்திவரும் ஆய்வு, இந்தச் சிந்தனையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. இணைப்புகளையும் அமிலாய்டையும் பற்றிய நம் நாட்டுக்கான விடைகளை இப்படிப்பட்ட நெடுங்கால ஆய்வுகளிடம்தான் எதிர்பார்க்க முடியும்.

தறிமேடையில் எந்த நினைவு?

தேவிகாபுரத்து நெசவாளரிடம் "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால், நெய்து கொடுத்த சேலையையே அவர் சான்றாகக் காட்டக்கூடும். மிதிக்கட்டையை அழுத்தும் கால், நாடாவை அனுப்பும் கை, அறுந்த இழையைப் பாவின் நடுவே கண்டுபிடிக்கும் விரல் எல்லாம் பழுதின்றி நடக்கும். கரையின் புட்டா எங்கே வர வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டை நினைவில் வைத்திருக்கிறது. சேலையில் குறை இல்லை என்பதால் நினைவிலும் குறை இல்லை என்று முடிவுகட்டுவது தவறு.

இதற்குக் காரணம் நரம்பியலில் உண்டு. 1953இல் வலிப்பு நோய்க்காக நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிகள் இருபுறமும் நீக்கப்பட்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர், சற்றுமுன் சந்தித்தவரைக்கூட மறந்துபோவார். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரத்தை வரையும் கடினமான பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது. பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கைப்பழக்கத்தின் நினைவும் நிகழ்ச்சிகளின் நினைவும் வெவ்வேறு பாதைகளில் ஓடுவதைக் காட்டினார். அல்சைமர் முதலில் தொடுவது இரண்டாவது பாதையை. ஐம்பதாண்டுப் பழக்கம் கொண்ட கை கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம்.

சரிவு முதலில் தலைகாட்டுவது தறிக்கு வெளியே: முதலாளி கொடுத்த ஜரிகையின் எடையை மறுநாள் கேட்கும்போது, வாங்கிய முன்பணத்தில் கழிந்தது எவ்வளவு என்று சொல்லும்போது, புதுப் பாவுக்கான நிறத்தை இரண்டாம் முறை விசாரிக்கும்போது, பேத்தியின் கல்யாண நாளை வேறு நாளோடு குழப்பும்போது. இவை புதிய செய்தியை உள்ளே வாங்கி வைத்திருக்க வேண்டிய தருணங்கள், அதாவது பிரிகூனியஸையும் ஹிப்போகேம்பஸையும் நம்பி நிற்கும் தருணங்கள். படித்தவர்களுக்காக எழுதிய வினாத்தாளில் இக்கேள்விகள் இருக்காது. ஆனால் ஒரு நெசவாளர் தன் பழைய திறனோடு இன்றைய திறனை ஒப்பிடுவதற்கு இவற்றைவிடக் கூர்மையான அளவுகோல் கிடையாது. தானுணர் சரிவின் இலக்கணமே "தன் முன்பிருந்த நிலையோடு ஒப்பீடு" என்பதால், பள்ளிக்குப் போகாதவருக்கு இது தடையாகவும் இருக்க வேண்டியதில்லை.

முறையீட்டுக்குள் வேறு காரணங்களும் கலந்திருக்கும். காது மந்தமானவர் கேட்காததை மறந்ததாக நினைப்பார். கண்புரையால் எண் தெரியாததும் மறதிக் கணக்கில் ஏறும். மனச்சோர்வு, தூக்கமின்மை, பி12 பற்றாக்குறை, தைராய்டு குறைபாடு, தூக்க மாத்திரைகள் ஆகிய எல்லாமே நினைவை மந்தப்படுத்தும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை என்பதால், முறையீட்டைக் காதில் வாங்குவதன் முதல் பலன் அல்சைமரைக் கண்டுபிடிப்பதாக இருக்காது. அல்சைமர் அல்லாததைக் கண்டு சரிசெய்வதாக இருக்கும்.

நம் ஊருக்கு ஏற்ற முடிவு

அமிலாய்டை அகற்றும் மருந்துகள் வந்துவிட்டன. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனிமாப், நோய் லேசாகத் தெரியத் தொடங்கியவர்களில் பதினெட்டு மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அறிகுறியே இல்லாமல் அமிலாய்டு மட்டும் இருந்த 1,169 பேரிடம் வேறொரு மருந்தைச் சோதித்த ஏ4 ஆய்வு, அதே ஆண்டு பலனில்லை என்று முடிந்தது. 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதித்த ரத்தப் பரிசோதனையும், அறிகுறி தெரிந்து மருத்துவரை நாடியவர்களுக்கானதே. தானுணர் சரிவோடு நிற்பவருக்கு ஸ்கேனையும் ஊசியையும் நீட்டும் சான்று இன்று நம்மிடம் இல்லை. தெரிந்துகொண்டும் செய்ய ஒன்றுமில்லாத ஒரு செய்தி, கவலையை மட்டுமே வளர்க்கும்.

சான்று இருக்கும் இடம் வேறு. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், இடைநிலை நினைவுக் குறை 19 சதவீதம் குறைந்தது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட பதினாலு காரணிகளை முழுக்கக் களைய முடிந்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. குறைந்த கல்வி, காது கேளாமை, பார்வை இழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் சில தேவிகாபுரத்துக்குப் புதியன அல்ல, சிலவற்றுக்கு அரசு ஏற்கெனவே வீட்டுவாசலில் நிற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது.

அந்த வருகையோடு மூன்று கேள்விகளைச் சேர்த்தால் போதும். ஞாபகம் முன்பைவிடக் குறைந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா? அது உங்களைக் கவலைப்பட வைக்கிறதா? ஜரிகைக் கணக்கு, முன்பணம், மாத்திரை வேளை போன்ற எதில் முதலில் தெரிந்தது? ஆம் என்பவரின் காதையும் கண்ணையும் மனதையும் ரத்தத்தையும் சோதித்து, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். மாறாமல் நிற்பவரை ஆறுதல் சொல்லி அனுப்பலாம். சரிவு தொடர்பவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பலாம். பெட் ஸ்கேன் தேவைப்படும் அந்த மிகச் சிலரை, இப்படி வடிகட்டிய பிறகு கண்டுபிடிப்பதுதான் அதன் விலைக்கும் நியாயம்.

மூளைப் படங்கள் கடந்த முப்பதாண்டில் நிரூபித்த விஷயங்களில் இதையும் சேர்க்கலாம்: சோதனைத் தாள் எதையும் காட்டாத காலத்திலேயே இணைப்புகளில் மாற்றம் தொடங்கலாம், அதன் சுமையை உள்ளிருந்து உணர்பவர் அந்த மனிதர். அமிலாய்டைப் பார்க்கும் கருவி தேவிகாபுரத்துக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகட்டும். அதுவரை, "வயசானா அப்படித்தான்" என்று முதியவரின் வாயை அடைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.